கேஷை அழிக்கச் சொல்வது தீர்வாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் வட்டாரத்தில் கல்லூரி, சங்கம், விடுதி என எந்த இணையதளத்திலும், கோப்பை மாற்றிய பிறகும் பழைய பிடிஎஃப்பே திறக்கிறது என்று சொன்னால், 'கேஷை (உலாவி சேமித்து வைத்திருக்கும் பிரதியை) அழித்துவிட்டுப் பாருங்கள்' என்றே பதில் வருகிறது. ஏற்காட்டில் கைபேசியில் பார்ப்பவர் கேஷைத் தாண்டிப் புதிதாக ஏற்றும் கன்ட்ரோல்-எஃப்5 விசைகளுக்கு எங்கே போவார்? கோளாறு அவருடைய உலாவியில் இல்லை, சர்வரில் கோப்பை எடுத்துக் கொடுக்கும் பிஎச்பி நிரலில் இருக்கிறது.

அப்பாச்சி சர்வர் ஒரு கோப்பை நேரடியாகக் கொடுத்தால், திருத்திய நேரத்தையும் ஈடேக் அடையாளத்தையும் (கோப்பு மாறினால் மாறும் குறி) தானே சேர்த்து அனுப்பும். பிஎச்பியின் 'ரீட்ஃபைல்' கட்டளை வழியாகக் கொடுத்தால் இரண்டும் போகாது, நாம்தான் எழுத வேண்டும். அரைகுறையாக எழுதினால் இன்னும் மோசம். திருத்திய நேரத்தைச் சொல்லும் லாஸ்ட்-மாடிஃபைட் ஹெடரை (கோப்போடு போகும் குறிப்பை) அனுப்பி, சேமித்த பிரதியை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கேஷ்-கண்ட்ரோலை விட்டுவிட்டால், எத்தனை நாள் அந்தப் பிரதியையே காட்டலாம் என்று உலாவி தானே கணக்குப் போடும். வழக்கமாகக் கோப்பின் வயதில் 10 சதவீதம். 50 நாள் மாறாத விலைப்பட்டியலை அடுத்த 5 நாளுக்கு சர்வரைக் கேட்காமலே காட்டும்.

லாகின் உள்ள தளங்களில் நேர்மாறான தொல்லை. செஷனை (லாகின் செய்தவரை நினைவில் வைக்கும் ஏற்பாட்டை) தொடங்கியதுமே பிஎச்பி 'நோ-ஸ்டோர்' (சேமிக்காதே) சேர்த்துவிடும்; காலாவதித் தேதியாக 1981 நவம்பர் 19 போகும்! மலையில் சிக்னல் சொட்டும் இடத்தில் அதே 6 எம்பி கோப்பு ஒவ்வொரு முறையும் முழுதாக இறங்கும். செஷன் தொடங்குமுன் 'செஷன் கேஷ் லிமிட்டர்' அமைப்பை வெற்றாக்கிவிட்டு, கேஷ்-கண்ட்ரோலில் 'பிரைவேட், நோ-கேஷ்' என்று நாமே அனுப்ப வேண்டும். 'நோ-கேஷ்' என்றால் சேமிக்காதே என்று பொருளல்ல. சேமித்துக்கொள், காட்டுமுன் சர்வரைக் கேள் என்பதே. 'பிரைவேட்' (அவருடைய உலாவி மட்டும் சேமிக்கலாம்) இல்லாமல் 'பப்ளிக்' (யாரும் சேமிக்கலாம்) போட்டால், நடுவே சிடிஎன் (பிரதிகளைச் சேமித்துப் பலருக்கும் கொடுக்கும் இடை சர்வர்) இருக்கும் தளத்தில் ஒரு மாணவரின் மதிப்பெண் பட்டியல் இன்னொருவருக்குப் போக வழியுண்டு.

ஈடேக் மதிப்புக்கு கோப்பின் அளவும் திருத்திய நேரமும் போதும். பெரிய கோப்பு முழுவதையும் படித்து எம்டி5 கணக்குப் போடுவது வீண் வேலை. மதிப்பை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். உலாவி தன்னிடமுள்ள ஈடேக்கைத் திருப்பி அனுப்பும் இஃப்-நன்-மேட்ச் ஹெடர் அதனோடு பொருந்தினால் 304 ('மாறவில்லை') கொடுத்து அங்கேயே நிரலை நிறுத்த வேண்டும். அனுமதிச் சோதனை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

லாஸ்ட்-மாடிஃபைட் நேரத்தைக் கட்டாயம் ஜிஎம்டியில் (கிரீன்விச் நேரத்தில்) எழுதுங்கள். இந்திய நேரத்தைப் போட்டு 'ஜிஎம்டி' என்று ஒட்டினால் ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடும். ஈடேக் இல்லாத தளத்தில், காலை 10 மணிக்கு ஏற்றியதைப் பகல் 1 மணிக்குத் திருத்தினாலும் 'மாறவில்லை' என்றே பதில் போகும். பலர் சிக்குவது இங்கேதான்.

விடுதி அறைப் படங்களுக்கு இவ்வளவு வேண்டாம். படத்தின் இணைய முகவரியின் பின்னால் திருத்திய நேரத்தை எண்ணாகச் சேர்த்து, மேக்ஸ்-ஏஜ் (சர்வரைக் கேட்காமல் பிரதியைக் காட்டக்கூடிய காலம்) 31536000 நொடி, அதாவது ஓராண்டு, கொடுத்தால் போதும். படம் மாறினால் முகவரியும் மாறும்.

சரிபார்ப்பது எளிது. குரோம் உலாவியின் டெவலப்பர் டூல்ஸில் உள்ள நெட்வொர்க் பகுதியில் கேஷை முடக்கும் குறி இல்லாதபடி பார்த்துக்கொண்டு பிடிஎஃப்பை இருமுறை திறக்கவும். இரண்டாம் முறை 304 வர வேண்டும். கோப்பைத் திருத்திவிட்டுத் திறந்தால் 200 (கோப்பு முழுதாக வந்தது) வர வேண்டும். தளம் செய்து கொடுப்பவருக்குக் கடைசித் தவணை தருமுன் இதைச் செய்து காட்டச் சொல்லலாம்.

– இணையதளப் பராமரிப்பாளர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம்