தண்ணீர் கொதிக்கும்போது அறுபடுவது எது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த வேதிப்பிணைப்புக் கட்டுரையைப் படித்தேன். அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டு சகப்பிணைப்பால் இணைவதைப் படத்தோடு நன்றாக விளக்கியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் 'சகப்பிணைப்பு பலவீனமானது. அதனால்தான் சகப்பிணைப்புச் சேர்மங்கள் குறைந்த வெப்பத்திலேயே உருகுகின்றன' என்ற வரிக்கு வந்ததும் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய பழக்கம்.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். கொதிக்கும்போது அறுபடுவது அந்தச் சகப்பிணைப்புதான் என்றால், கெட்டில் மூக்கு வழியாக வருவது ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாக இருக்க வேண்டும். கீழே அடுப்பு வேறு எரிகிறது. சமையலறை மிஞ்சுமா? வருவதென்னவோ நீராவிதான். குளிர்ந்த தட்டு ஒன்றைப் பிடித்தால் திரும்பவும் தண்ணீராகச் சொட்டுகிறது. மூலக்கூறுகள் முழுசாகவே இருக்கின்றன; ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்த பிடிதான் விட்டுப்போனது. 100 டிகிரியில் ஒரு மோல் நீரை, அதாவது சுமார் 18 கிராமை, ஆவியாக்க ஏறத்தாழ 41 கிலோஜூல் போதும். அந்த ஆவியின் மூலக்கூறுகளைத் தனித்தனி அணுக்களாகப் பிரிக்க 920 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். இருபது மடங்குக்கும் அதிகம். இதையா பலவீனம் என்பது?

அந்துருண்டை அலமாரியில் கரைந்து காணாமல் போவதும் இப்படித்தான். துணியில் ஏறும் அந்த வாடை, சேதமில்லாமல் கிளம்பி வந்த நாப்தலீன் மூலக்கூறுகள்தான்.

கட்டுரையாளரைக் குறை சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, "வைரத்துலயும் சகப்பிணைப்புதானே சார், அது மட்டும் ஏன் அவ்வளவு கெட்டி?" என்றாள். நல்லவேளை, மணி அடித்துவிட்டது. மறுநாள்தான் பதில் சொன்னேன்: வைரத்தில் தனித்தனி மூலக்கூறு என்று எதுவும் இல்லை, ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களோடு பிணைந்து, துண்டு முழுவதும் ஒரே வலையாக நிற்கிறது. அங்கே விட்டுக்கொடுக்க இளகிய பிடி எதுவும் கிடையாது. சகப்பிணைப்பையே அறுத்தாக வேண்டும். மணலில் இருக்கும் குவார்ட்ஸும் இந்த இனம்தான். அது உருக 1,700 டிகிரிக்குப் பக்கத்தில் போக வேண்டும். எலக்ட்ரான்களைப் பங்கிடாமல் கொடுத்து வாங்கும் அயனிப் பிணைப்புக்கு எல்லோரும் உதாரணம் காட்டும் சாப்பாட்டு உப்போ 801 டிகிரியிலேயே உருகிவிடும்.

சகப்பிணைப்புப் பொருள் 'மின்சாரத்தைக் கடத்தாது' என்பதையும் விதிவிலக்கே இல்லாதது போல எழுதியிருக்க வேண்டாம். பென்சிலின் இரு முனைகளையும் சீவி, பேட்டரிக்கும் சிறு பல்புக்கும் நடுவே இணைத்தால் மங்கலாகவாவது எரியும். பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பனும் மூன்றோடு மட்டுமே பிணைகிறது. மிச்சமுள்ள ஓர் எலக்ட்ரான், கார்பன் அடுக்கு முழுவதும் உலவுகிறது.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால் நல்லது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்வார்கள்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

பி.கு.: பெட்டிச் செய்தியில் உள்ளபடி, எலக்ட்ரான் ஜோடியைப் பங்கிடும் கருத்தை 1916இல் முன்வைத்தவர் கில்பர்ட் லூயிஸ்தான். ஆனால் அதற்கு ஆங்கிலத்தில் 'கோவேலன்ஸ்' என்று பெயர் வைத்தவர் அவர் அல்ல, 1919இல் இர்விங் லாங்மியூர்.