வாசிப்பவரைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய பாடகர்களின் மேடைக் கச்சேரிகளைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை கேமராக்கள், மேடை எவ்வளவு பெரிது, விளக்குகளை யார் அமைத்தார்கள் என்றெல்லாம் விரிவாக எழுதியிருந்தீர்கள். ஆனால் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த இசை எப்படி வந்து சேர்ந்தது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் குறை முக்கியமாக ஒன்றுதான். யார் வாசிக்கிறாரோ அவரைக் கேமரா காட்டுவதில்லை.

அண்மையில் பார்த்த ஓர் ஒளிபரப்பைச் சொல்கிறேன். எந்தச் சேனல் என்பது முக்கியமில்லை, பலவற்றிலும் இதேதான் நடக்கிறது. பாடகர் ஒரு சரணத்தை முடித்துவிட்டு ஒதுங்கி நின்று, கிட்டார் கலைஞரைக் கை நீட்டிக் காட்டுகிறார். கிட்டார் தனியாகத் தொடங்குகிறது. முதல் சில நொடிகளுக்கு விரல்கள் தெரிகின்றன. உடனே கூட்டத்தில் ஒருவர் செல்போனில் படம் பிடிப்பதைக் காட்டுகிறார்கள். அப்புறம் அரங்கத்துக்கு மேலே பறக்கும் கேமரா. அப்புறம் முன்வரிசையில் கைதட்டும் ஒரு பிரபலம். அப்புறம் பாடகர் தண்ணீர் குடிக்கிறார். இத்தனைக்கும் நடுவில் கிட்டார் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கலைஞர் மேலே மேலே ஏறிப்போய், ஒரு கம்பியை விரலால் வளைத்து, அந்த ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்து நிற்கிறார். கேட்கும்போதே மயிர்க்கூச்செறிகிறது. அந்த விரலைத்தான் பார்க்க முடியவில்லை. கேமரா திரும்பி அவரிடம் வந்தபோது அவர் தோள்வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் பெயரும் கடைசிவரை திரையில் வரவே இல்லை.

இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. அரங்கத்தில் கடைசி வரிசையில் இருப்பவருக்கு மேடையில் இருப்பவர்கள் கட்டைவிரல் அளவுதான் தெரிவார்கள். அவருக்குக் கிடைப்பது கூட்டத்தின் சூடும், நெஞ்சில் வந்து மோதும் சத்தமும். வீட்டில் இருப்பவருக்கு அது எதுவும் கிடைக்காது. பதிலுக்குத் தொலைக்காட்சி தரக்கூடியது நெருக்கம் ஒன்றுதான். டிரம்ஸ் வாசிப்பவரின் இடது கை எத்தனை மெல்லிய தட்டுகளை நடுநடுவே வைக்கிறது, பின்னணி பாடுபவர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து எப்படி ஒன்றாக மூச்செடுக்கிறார்கள், பாட்டு முடியப்போகிறது என்று கீபோர்டுக்காரர் தலையை அசைத்து எப்படி மற்றவர்களுக்குச் சொல்கிறார் என்பதெல்லாம் அரங்கத்துக்குப் போனாலும் பார்க்கக் கிடைக்காதவை. அதையும் கொடுக்காவிட்டால் அப்புறம் ஒளிபரப்பு எதற்கு?

முடியாத காரியம் ஒன்றையும் நான் கேட்கவில்லை. சிம்பொனி இசைக்குழுக்களின் கச்சேரிகளை ஒளிபரப்பும்போது, கட்டுப்பாட்டு அறையில் இயக்குநருக்குப் பக்கத்தில் இசைக்குறிப்பைப் படிக்கத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருப்பார். அடுத்து எந்த வாத்தியம் வரப்போகிறது என்பதை அது ஒலிக்கும் முன்பே அவர் சொல்லிவிடுவார். கேமரா தயாராக அங்கே போய் நிற்கும். புல்லாங்குழல் முதல் சுரத்தை எடுக்கும்போது திரையில் புல்லாங்குழல் இருக்கும். வியன்னாவின் புத்தாண்டுக் கச்சேரி 1959 முதல் தொலைக்காட்சியில் வருகிறது. அதை ஒரு தடவை பார்த்தாலே நான் சொல்வது புரிந்துவிடும்.

பாப் கச்சேரியில் எழுதிவைத்த குறிப்பு இல்லாமல் இருக்கலாம். ஆனால் பாட்டுகளின் வரிசை இருக்கிறது, ஒத்திகை இருக்கிறது. எந்தப் பாட்டில் யாருடைய தனி எப்போது வரும் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஒளிபரப்பு இயக்குநர் ஒத்திகையில் உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். அதற்கு நேரம் ஒதுக்காமல், பாடகர் வாய் திறந்தால் பாடகர், மூடினால் கூட்டம் என்று பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பது வேலையில் அக்கறை இல்லாததைத்தான் காட்டுகிறது.

கூட்டத்தைக் காட்டவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகக் காட்டலாம், கூட்டம் பாட்டின் பகுதியாக இருக்கும்போது. 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்பிளி அரங்கத்திலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் நடந்த லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். வெம்பிளியில் குயின் என்ற ராக் குழுவுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 20 நிமிடம்தான். ஒரு பாட்டின் பல்லவியில் அரங்கம் முழுக்கத் தலைக்கு மேலே கையை உயர்த்தி ஒரே தாளத்தில் தட்டுகிறது. அந்தக் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி ஒரு சங்கதியைப் போட, அத்தனை பேரும் அதைத் திருப்பிப் பாடுகிறார்கள். அங்கே கூட்டமும் ஒரு வாத்தியம், கேமரா அங்கே போனது சரி. அதே நாளில் பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னி பியானோ முன்னால் உட்கார்ந்து பாடத் தொடங்கியபோது அவருடைய மைக் வேலை செய்யவில்லை. வீட்டில் இருந்தவர்களுக்கு முதல் இரண்டு நிமிடம்போல அவர் குரல் கேட்கவில்லை. அவரும் வாசித்துப் பாடிக்கொண்டே போனார். இன்றைக்கு அதைப் பார்த்தாலும் ஒரு நேரலையின் உயிர் அதில் இருக்கிறது.

ஒலியைப் பற்றியும் சொல்லவேண்டும். அரங்கத்தில் இருப்பவர்களுக்காகச் செய்யும் மிக்ஸிங்கை, அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலப்பதை, அப்படியே வீட்டுக்கு அனுப்பினால் சரியாக வராது. சின்ன அரங்கமாக இருந்தால் டிரம்ஸும் கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியும் மேடையிலிருந்தே நேராகக் கேட்கும் என்பதால் அவற்றை ஸ்பீக்கரில் குறைத்துத்தான் வைத்திருப்பார்கள். அதே கலவையை டிவிக்குக் கொடுத்தால் குரல் மட்டும் மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும், தாளம் எங்கோ பக்கத்து அறையில் கேட்கும். அதனால்தான் அக்கறையுள்ள ஒளிபரப்பாளர்கள் ஒவ்வொரு மைக்கிலிருந்தும் தனி இணைப்பு எடுத்து, தனி வண்டியில் தனிப் பொறியாளரை உட்கார வைத்து, வீட்டுக்கென்று வேறொரு மிக்ஸிங் செய்கிறார்கள். கூட்டத்தின் ஒலிக்கும் தனி மைக்குகள் வைக்கிறார்கள். பறக்கும் கேமராவுக்குச் செலவழிக்கும் நிறுவனம் இதில் கஞ்சத்தனம் பண்ணுவது நியாயமே இல்லை.

நேரலை என்ற சொல்லைப் போட்டுவிட்டு, எடுத்து, வெட்டி, குரலைத் திருத்தி, மறுவாரம் காட்டுவதையும் நிறுத்த வேண்டும். பதிவு செய்து காட்டுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. நிர்வாணா என்ற ராக் குழுவின் ‘அன்பிளக்ட்’ நிகழ்ச்சி 1993 நவம்பரில் பதிவானது, அடுத்த மாதம்தான் எம்டிவி என்ற இசைச் சேனலில் வந்தது. பாட்டுகளுக்கு நடுவே அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதில் கொஞ்சத்தை விட்டுவைத்திருந்தார்கள், அது அந்த நிகழ்ச்சியை இன்னும் நெருக்கமாக்கியது. பின்னணி ஒலியை முன்பே பதிவு செய்து வைத்துக்கொள்வதும் புதிதல்ல. 1967 ஜூன் 25 அன்று பல நாடுகளுக்குச் செயற்கைக்கோள் வழியாகப் போன ‘அவர் வேர்ல்டு’ (Our World) என்ற நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் முன்பே பதிவு செய்த பின்னணியின் மேல்தான் பாடினார்கள். 2014-ல் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின் இடைவேளையில் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழு பாடியபோது குரல் மட்டும்தான் நேரடி, வாத்தியங்கள் முன்பே பதிவானவை. கிட்டாரில் ஒயர் சொருகப்படவில்லை என்பதை ரசிகர்கள் கவனித்துவிட்டார்கள். பிறகு அந்தக் குழுவின் பேஸ் கலைஞர் ஃபிளீயே அதை வெளிப்படையாக எழுதினார். எது நேரடி, எது பதிவு என்று முதலிலேயே ஒரு வரி போட்டால் ரசிகர்கள் கோபப்பட மாட்டார்கள்.

வாசிப்பவர்களைக் காட்டினால் சாதாரண ரசிகர் சேனலை மாற்றிவிடுவார் என்று நிகழ்ச்சி தயாரிப்பவர்கள் பயப்படுகிறார்களாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்த வாத்தியமும் கற்காதவர்கள்கூட, ஒருவர் முழு மூச்சோடு வாசிக்கும்போது அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்கள். டிரம்ஸ் தனி வரும்போது சின்னக் குழந்தைகள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வந்து நிற்பதை எந்த வீட்டிலும் பார்க்கலாம். அந்தத் தனியை இடையில் வெட்டும்போதுதான் அவர்கள் எழுந்து போகிறார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சினிமாவுக்கு விமர்சனம் எழுதும்போது ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் பெயரைச் சொல்லி, நன்றாக இருந்தால் பாராட்டி, இல்லாவிட்டால் கண்டித்து எழுதுகிறீர்கள். கச்சேரி ஒளிபரப்புக்கும் அப்படியே எழுதுங்கள். இயக்கியவர் யார், ஒலியைக் கலந்தவர் யார் என்று விசாரித்துப் போடுங்கள். மேடையில் வாசித்த அத்தனை பேரின் பெயரையும் சேனல் தராவிட்டால் நீங்கள் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். அடுத்த பெரிய கச்சேரி ஒளிபரப்பாகும் வாரத்திலேயே இதைத் தொடங்கினால் என்னைப் போன்ற வாசகர்கள் மிகவும் நன்றியோடு இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்