அரம் எடுக்கும் முன் அளவெடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய யமஹா ஆர்.எக்ஸ்.100 வண்டிகளைப் பந்தயத்துக்குத் தயார்செய்யும் இளைஞர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால், சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட்டை அரத்தால் பெரிதாக்கினால் வேகம் கூடும் என்று அதில் ஒரே வரியில் சொல்லியிருப்பதை நம்பி எத்தனை சிலிண்டர்கள் பாழாகுமோ என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை எப்போது வெளியேறத் தொடங்க வேண்டும் என்பதை அந்தப் போர்ட்டின் மேல்விளிம்பே தீர்மானிக்கிறது. 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே நகரும் தூரம்) கொண்ட ஆர்.எக்ஸ்.100இல் அந்த விளிம்பை 1 மில்லிமீட்டர் உயர்த்தினாலே, போர்ட் திறந்திருக்கும் காலம் பிஸ்டனால் சுழலும் தண்டான கிராங்க்கின் சுழற்சியில் ஏறத்தாழ 4 அல்லது 5 டிகிரி நீண்டுவிடும். அதனால் குறைந்த ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கான சுழற்சிகளில்) இழுவை குறையும், உயர்ந்த ஆர்.பி.எம்.மில் கிடைக்கும் ஆதாயமும், சைலென்சரை அதற்கேற்ப மாற்றினால்தான் முழுமையாகக் கைக்கு வரும். அந்தச் சைலென்சரின் விரிந்து பின் குறுகும் கூம்புக் குழாயில் மோதித் திரும்பும் அழுத்த அலை, வெளியே நழுவிய புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவையைப் போர்ட் மூடுவதற்குள் மீண்டும் சிலிண்டருக்குள் தள்ள வேண்டும். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். மோட்டார் சைக்கிள் ஆலையில் பொறியாளர் வால்டர் காடன் ஆண்டுக்கணக்கில் இதை ஆராய்ந்துதான், 1961இல் 125 சிசி எஞ்சினிலிருந்து 25 குதிரைத்திறனை எடுத்தார். ஆலையிலிருந்து வந்த ஆர்.எக்ஸ்.100 தருவது 11.

சோழவரம் ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த 1980களில், ராஜ்தூத் 350 ஒன்றின் இரு சிலிண்டர்களையும் கிராங்க் சுழலும் கோணத்தைக் காட்டும் டிகிரி பிளேட் வைத்துப் பார்க்காமல் நானே அரத்தால் தேய்த்தேன். வலது போர்ட் இடதைவிட உயர்ந்துவிட்டதையும் கவனிக்கவில்லை, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மெயின் ஜெட்டையும் மாற்றவில்லை. பெட்ரோல் போதாமல் சூடேறிய வலது பிஸ்டன் நேர்ப்பாதையில் முழு வேகத்தில் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது. ஓட்டிய நண்பருக்குத் தோள் எலும்பு முறிந்தது. என் அவசரத்தைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

எனவே இளைஞர்களை நான் கேட்டுக்கொள்வது, பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய வேலைகளை முதலில் செய்யுங்கள் என்பதே. கிராங்க் சீலிலும் கேஸ்கெட்டிலும் காற்றுக் கசிவு இல்லை என்று உறுதிசெய்த பின், பெரிய மெயின் ஜெட்டில் தொடங்கிப் படிப்படியாகச் சிறிய ஜெட்டுக்கு வாருங்கள். முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, காப்பிப் பொடி நிறமாக இருந்தால் சரி. பிளக்கில் பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கைக் காதால் கேட்டு வைக்காமல், பிஸ்டனின் நிலையை அளக்கும் டயல் கேஜ் கொண்டு வையுங்கள். இந்தச் சோதனைகளுக்கு இடம் இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடமே. பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் சாலை அல்ல.

ஆர்.எக்ஸ்.100 உற்பத்தி 1996இல் நின்றுவிட்டது. தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடலாம். ஆனால் உயர்த்திவிட்ட போர்ட் விளிம்பை மட்டும் பழையபடி இறக்குவது எளிதல்ல. அரம் வைத்தே தீர வேண்டுமென்றால், ஆலைச் சிலிண்டரைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, வேறொன்றை வாங்கி அதில் பழகுங்கள்.

போர்ட் டைமிங்கை அளக்கும் முறையைத் தாங்கள் படங்களுடன் வெளியிட்டால் பலருக்கும் உதவும். நான் பாழாக்கிய வலது சிலிண்டர் இன்னும் என்னிடம் இருக்கிறது. படமெடுக்கத் தேவைப்பட்டால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் சைக்கிள் மெக்கானிக்,
அயனாவரம், சென்னை.