மாடிப்படியில் அட்டைப்பெட்டிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் எனக்கு ஒரு பழைய மாடிக் கட்டடம் உண்டு. கீழே பிளாஸ்டிக் சாமான் கடை, மேலே இரண்டு குடித்தனங்கள். வாடகை ஒழுங்காக வந்ததால் பத்து வருடம் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, என் தவறுதான். போன மாதம், தீயணைப்புத் துறையில் ஓய்வுபெற்ற நண்பரைக் கூட்டிப்போனேன். அரை மணி நேரம்தான் பார்த்தார். ஃபியூஸ் கட்டையில் ஃபியூஸ் கம்பிக்குப் பதில் தடித்த செப்புக் கம்பி; மின்சாரம் மிகுந்தாலும் அது உருகி அறுந்து இணைப்பைத் துண்டிக்காது. தீயணைப்பு சிலிண்டரின் முள் சிவப்பில் நின்றது, அதாவது அழுத்தம் சரியில்லை. மாடிப்படியில் பாதி அகலத்துக்கு அட்டைப்பெட்டிகள். "கீழே தீப்பிடித்தால் மேலே இருப்பவர்கள் எப்படி இறங்குவார்கள்?" என்றார். இருப்பதே அந்த ஒரு படிதான்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தபோதும் கீற்றுக் கூரையும் குறுகலான படியும்தான் பேச்சாக இருந்தன. அப்புறம் பள்ளிக் கூரைகளை அகற்றினார்கள். சரி, கடைத்தெருப் படிகளை யார் பார்ப்பது? தொழில் உரிமம் புதுப்பிக்கும்போது மாநகராட்சி ஊழியர் ஒருமுறை படியேறிப் பார்க்கட்டும்.

'படியில் சரக்கு வைக்கக் கூடாது' என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டேன். கடைக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்படிக்கு,
ஒரு கட்டட உரிமையாளர், மதுரை