இடிப்பதற்கு முன் ஒரே ஒரு நாள்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் பங்காளிகளான ஐயாமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும்,

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். பழைய கட்டடங்களைத் தேடிப் போய் வரைவது என் வழக்கம். காரைக்குடி வரை பஸ், அப்புறம் டவுன் பஸ், மிச்சத்துக்கு நடை. இப்படிப் பல வருடமாக உங்கள் ஊர்களுக்கு வந்து போகிறேன்.

போன தை மாதம் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டை வரையத் தொடங்கினேன். வீட்டின் மூன்றாம் கட்டுப் பகுதியில் ஓடு சரிந்து, சுவரில் அரசமரம் வேர்விட்டிருந்தது. முகப்பில் கஜலட்சுமி சுதைச் சிற்பம் மட்டும் முழுசாக இருந்தது. தெருவில் உட்கார்ந்து இரண்டு நாளில் முகப்பை முடித்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, பாவம், பட்டாலைக் கூடம் வரை விட்டார். அங்கிருந்து நடுமுற்றமான வளவில் ஒரு பக்கத்துத் தூண்கள் தெரிந்தன. ஏழு. எதிர்ப் பக்கம் தெரியவில்லை. "பங்காளிகள்ல ஒருத்தர் சரின்னாலும் மத்தவங்க என்னையத்தான் கேப்பாங்க தம்பி, எழுதிக் கேட்டுட்டு வாங்க" என்றார். அவர் தந்த நான்கு முகவரிகளுக்கும் எழுதினேன். யாரும் பதில் போடவில்லை.

ஆனியில் திரும்பப் போனபோது வீடு இல்லை. தேக்கு நிலைகளுக்குச் சாக்கட்டியால் எண் போட்டு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தூண் நின்ற குழிகளையாவது எண்ணிப் படத்தை முடிக்கலாம் என்று உள்ளே போனேன். மண்ணைத் தள்ளி நிரவியிருந்தார்கள். அந்தப் பக்கம் என் நோட்டில் பாதியோடு நிற்கிறது. இனி யாராலும் அதை முடிக்க முடியாது.

வீட்டை ஏன் விற்றீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஒரு வீட்டுக்குப் பங்குள்ள குடும்பங்கள் எத்தனை புள்ளி, ஒவ்வொரு புள்ளியும் எந்தெந்த ஊரில், ஓடு மாற்றவே எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. இடிக்க முடிவு செய்துவிட்டால், அதற்கு முன் ஒரே ஒரு நாள் கதவைத் திறந்துவிடுங்கள். வரைந்துகொள்கிறோம்.

ஃபோட்டோ போதாதா என்று கேட்பீர்கள். ஃபோட்டோவில் முகப்பு தெரியும், தூண் தெரியும். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக வீடு எப்படி நீண்டு போகிறது, வளவில் விழுந்த மழைத்தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது, வெயில் எந்தக் கட்டில் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதெல்லாம் உட்கார்ந்து அளந்து வரைந்தால்தான் பிடிபடும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவரின் வழவழப்பு, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வரைகிறவன் கோட்டில்தான் கொஞ்சமாவது வரும்.

பக்கத்தில் உள்ள திருமயம் கோட்டை 1687-ல் ராமநாதபுரம் அரசர் சேதுபதி கட்டியது. தொல்லியல் துறையின் காவல் இருப்பதால் அடுத்த வருடமும் அது அங்கேயே இருக்கும் என்று நம்பிப் போகிறேன். உங்கள் வீடுகள் தனியார் சொத்து, அந்தக் காவல் அவற்றுக்கு இல்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் இருந்தாலும் ஜேசிபி வந்தால் யார் தடுப்பது? சினிமா ஷூட்டிங்குக்கு நாள் கணக்கில் வளவு திறக்கிறது. மரம் வாங்க வரும் வியாபாரி மூன்றாம் கட்டு வரை போய்த் தட்டிப் பார்க்கிறார். பென்சிலோடு வருகிறவன் மட்டும் திண்ணையோடு திரும்ப வேண்டியிருக்கிறது. இது எனக்கு மிகவும் வலிக்கிறது ஐயா.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று வீட்டைத் திறக்கும் நாள்கள் உங்களுக்கு உண்டு. அவற்றோடு இந்த ஒரு நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பணிவோடு கேட்கிறேன். சுவரில் ஆணி அடிக்க மாட்டோம், தரையில் மை சிந்த மாட்டோம். வரைந்ததில் ஒரு பிரதி உங்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் வந்து சேரும்.

அதே தெருவில் இன்னும் இரண்டு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆவணியில் வருகிறேன். சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்களை வரைகிறவன்