எந்த ரூட் கண்டக்டர் என்று கேட்டவர்களுக்கும் சேர்த்து நன்றி

திருத்துறைப்பூண்டிச் சுற்றுவட்டாரத்து உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை பிரிவு விழாவில் பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்துப் பேசச் சொன்னீர்கள். எனக்கு வாயே வரவில்லை. 1981 முதல் 43 வருஷம் உங்களுக்கு முதுகைக் காட்டி நின்றே பழகியவன். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இந்த மடலில் எழுதுகிறேன்.

பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் கேட்டார்: "மாப்பிள்ளை கண்டக்டர்னு சொன்னாங்க, எந்த ரூட்டு?" ஆர்க்கெஸ்ட்ரா கண்டக்டர் என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. பஸ் கண்டக்டருக்கு மாதச் சம்பளம் உண்டே! இருந்தும் பெண்ணைக் கொடுத்தார். இன்று அவர் இல்லை. முதல் நன்றி அவருக்குத்தான். அவருடைய மகளுக்கு நன்றி சொல்லப் புகுந்தால் மடல் முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: அவள் கழுத்துச் சங்கிலி, வாத்தியம் வாங்க மூன்று தடவை அடகுக்கடைக்குப் போய், இரண்டு தடவைதான் திரும்பி வந்தது.

நான் இசை படித்தது ஒரு டீக்கடை பெஞ்சில். இலங்கை வானொலி எங்கள் பக்கம் உள்ளூர் நிலையம் மாதிரிக் கேட்கும். டேப் ரெக்கார்டர் வாங்க வசதி கிடையாது. காலையில் அதன் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சியில் ஒரு பாட்டு வந்தால் முகப்பு இசையை மட்டும் எழுதிக்கொள்வேன். அதே பாட்டு மறுபடி வரும் நாளில் முதல் இடையிசை. பேஸ் கிட்டார் என்ன வாசிக்கிறது என்று பிடிப்பதற்குள் மாதம் ஓடிவிடும். டீக்கடை அண்ணன் ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டு, "தம்பி எழுதுது, சத்தம் போடாதீங்க" என்று காசு கொடுத்து டீ குடிக்கிறவர்களை அதட்டுவார். எத்தனை வியாபாரம் கெட்டதோ.

அப்புறம் தஞ்சாவூர் வாத்தியார். ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவர். நான் சரிகமபவில் எழுதி வைத்திருந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "இத வச்சு வயலின்காரன் வாசிச்சுடுவான், டிரம்பெட்காரன் என்னடா செய்வான்?" என்றார். மேல்நாட்டு முறைப்படி ஐந்து கோட்டில் எழுதக் கற்றுக்கொடுத்தார். டிரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் ஒரு முழுச் சுரம் ஏற்றி எழுதினால்தான் மற்ற வாத்தியங்களோடு சேரும் என்பதெல்லாம் அவர் போட்ட பிச்சை. சம்பளம், அறுவடைக்கு ஒரு மூட்டை அரிசி.

தஞ்சாவூருக்கு இதெல்லாம் புதுசில்லை என்பார். சரபோஜி மன்னர் காலத்திலேயே அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு இருந்தது. திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார், அவைதான் நோட்டுஸ்வரம். அவர் தம்பி பாலுசுவாமி வயலினையே கற்றுக்கொண்டு வந்தார். ஆர்க்கெஸ்ட்ரா என்றாலே மட்டம் என்று முகம் சுளித்தவர்களிடம் இதைச் சொல்லியே பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. எங்கள் வீட்டு ஓடெல்லாம் பறந்தது, டிரம் ஒன்று குளத்தில் மிதந்தது. அதுகூடப் பரவாயில்லை. பாட்டுகளின் இசைக்குறிப்புத் தாள்களை வைத்திருந்த நோட்டேஷன் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, 900 பாட்டுக்கு மேல் ஊறிக் கிடந்தது. கூழாகிவிட்டது என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். தெருப் பெண்கள்தான் வந்தார்கள். அவர்கள் வீட்டிலேயே கூரை இல்லை. ஒட்டிக்கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நைலான் கொடி கட்டி, துணிக்கு மாட்டுகிற கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். பேனாவில் பகட்டாக எழுதியதெல்லாம் நீலமாகக் கரைந்து போயிருந்தது. பென்சிலில் கிறுக்கியது எழுத்து மாறாமல் இருந்தது. "பென்சில்ல எழுதுடா" என்று வாத்தியார் ஏன் அப்படி அடித்துக்கொண்டார் என்று அன்றுதான் புரிந்தது. நோட்டேஷன் படிக்கத் தெரியாத ஓர் அக்கா, மூலையில் போட்ட எண்ணைப் பார்த்து அடுக்கினார். எண் அழிந்த இடத்தில், தாளுக்குத் தாள் இறங்கியிருந்த டீக்கறையை வைத்துச் சேர்த்தார். ஒன்றுகூட இடம் மாறவில்லை!

எங்கள் பழைய டிரம்மர் கும்பகோணத்திலிருந்து தார்ப்பாயும் மெழுகுவத்தியும் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தான். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. குழுவில் இருந்தவர்கள் முறை போட்டு வந்து, கரைந்துபோன பகுதிகளை மனப்பாடமாகப் பாடிக் காட்டினார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் திரும்ப எழுதினேன். இந்தத் தடவை பென்சிலில்.

மைக்செட் அண்ணனுக்கு: ஒரு விழாக் கமிட்டி எங்களுக்குக் காசு தராமல் கைவிரித்தபோது, உங்கள் வாடகையை நீங்கள் கேட்கவே இல்லை. மறக்கவில்லை. வேன் ஓட்டிய தம்பிக்கு: வேதாரண்யம் ரோட்டில் நீ தூங்காமல் இருந்ததால்தான் நாங்கள் தூங்கினோம்.

இன்னொருவரிடம் நன்றியும் மன்னிப்பும் சேர்த்துக் கேட்க வேண்டும். 19 பேராக இருந்த குழு, கீபோர்டு வந்தபின் 7 பேரானது. வயலின்காரர்கள் நாலு பேரையும் கீபோர்டு வீட்டுக்கு அனுப்பியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அனுப்பியது நான்தான். அவர்களில் ஒருவர், வயது 74, சனிக்கிழமை மன்னார்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்தார். பழைய வயலினுக்குப் புதுத் தந்தி போட்டிருந்தார். யாரும் அழைக்காமலே மேடையேறித் தன் பழைய இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எண்ணிக்கை கொடுக்கக் கையைத் தூக்கினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணே, அன்றைக்கு என் கை கொஞ்சம் ஆடியதைக் கண்டுகொள்ளாமல் சரியான இடத்தில் எடுத்தீர்களே, அதற்கும் நன்றி.

நோட்டேஷன் பெட்டி என் வீட்டில்தான் இருக்கிறது. வாசிக்கிற பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் வந்து எழுதிக்கொள்ளலாம். வரும்போது பென்சில் கொண்டு வரவும்.

இப்படிக்கு,
உங்கள் ஆர்க்கெஸ்ட்ரா கண்டக்டர்,
திருத்துறைப்பூண்டி