நான்கு நிறக் குதிரை

அன்புள்ள ரகு,

நான் கடைசியாக எழுதி எத்தனை மாதம் ஆயிற்று என்று கணக்குப் பார்க்காதே. வீட்டில் எல்லோரும் நலம். மூர்த்தி அப்படியேதான் இருக்கிறான், சீட்டில் தோற்றால் விளக்கு வெளிச்சத்தைக் குறை சொல்கிறான்.

விஷயம் இதுதான்: வண்ணப் பொம்மைகளை நிறுத்திவிட்டேன். இனி பட்டறையில் வெறும் மரமும் மெருகும் மட்டும். காரணம் உங்கள் கூட்டம். நீ நேரடியாகச் செய்யவில்லை, தெரியும். ஆனால் ஒழுங்குமுறை ஆணையத்தில் உட்கார்ந்து விதி எழுதுகிற நண்பன் இருக்கும்போது நான் வேறு யாரைப் போய்த் திட்டுவேன்?

சக்கரம் வைத்த குதிரை ஞாபகம் இருக்கிறதல்லவா? ஒரே மரம், ஒரே அளவு, நான்கு நிறம். ஒவ்வொரு நிறத்தையும் ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும் என்பது உங்கள் விதி, அதனால் ஆய்வகத்தின் கணக்கில் அது நான்கு சோதனை. வண்ணத்தைச் சுரண்டி எடுத்து, அமிலத்தில் கரைத்து, ஈயம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். சின்ன பொம்மை ஒன்றில் போதுமான வண்ணம் தேறாது என்பதால் கூடுதலாகக் குதிரைகளைக் கேட்கிறார்கள். எல்லாம் அம்மணமாகத் திரும்பி வருகின்றன. ஒரு நிறத்தில் ஐம்பது குதிரை செய்கிற எனக்கும் ஐந்து லட்சம் செய்கிறவனுக்கும் கட்டணம் ஒன்றேதான். அவனுக்கு அது தூசு. எனக்கு அந்த நிறத்தின் லாபமே அதோடு போய்விடுகிறது.

உடனே "இவனும் விதியே வேண்டாம் என்கிறான்" என்று முடிவு கட்டாதே. ஈயத்தில் இந்த அளவு வரை குழந்தைக்குப் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை. 2007இல் அமெரிக்காவில் ஈய வண்ணம் பூசிய பொம்மைகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றார்கள். அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. வண்ணத்தில் ஈயத்துக்கான வரம்பு 10 லட்சத்தில் 600 பங்கிலிருந்து 90 பங்காக இறங்கியது. நல்ல காரியம். ஆனால் அதே சட்டம் எல்லோரையும் வெளி ஆய்வகத்துக்குப் போகச் சொன்னது. திரும்பப் பெறப்பட்ட பொம்மைகளை விற்ற பெரிய நிறுவனம் ஒன்று தன் சொந்த ஆய்வகங்களுக்கே அங்கீகாரம் வாங்கிக்கொண்டது. வீட்டுக் கொட்டகையில் மரம் கடைந்தவர்கள் வெளியே போய்ப் பணம் கட்டினார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று நீயே ஊகித்துக்கொள்.

அந்தக் கொட்டகைக்காரர்கள் கூச்சல் போட்ட பிறகு 2011இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆண்டு விற்பனை 10 லட்சம் டாலருக்கும், ஒரே பொருள் 7,500க்கும் மிகாதவர்களுக்குச் சில சோதனைகளில் அப்போது விலக்கு கொடுத்தார்கள். ஆனால் ஈய வண்ணத்துக்கு யாருக்கும் விலக்கு இல்லை. அந்தப் பிடிவாதம் என் குதிரைக்கு எதிரானதுதான், இருந்தாலும் மெச்சுகிறேன். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமானபோது, பதிவு செய்த கைவினைஞர்களை விட்டுவிட்டார்கள். அந்த வழி எனக்கு அவ்வளவு உவப்பில்லை. கையால் செய்ததா, இயந்திரத்தில் செய்ததா என்று பார்த்தா குழந்தை வாயில் வைக்கிறது?

நான் கேட்பது வேறு. எங்களைப் போன்ற பட்டறைகள் எல்லாம் ஒரே தயாரிப்பாளரின் வண்ண டப்பாவைத்தான் வாங்குகிறோம். அதே சிவப்பை ஆளாளுக்குச் சுரண்டி, ஆளாளுக்குப் பணம் கட்டுகிறோம். வண்ணம் செய்கிற இடத்திலேயே ஒவ்வொரு தொகுதியையும் ஒருமுறை சோதித்து, சான்றிதழை டப்பாவோடு அனுப்பினால் என்ன? அமெரிக்காவிலும் பிறகு இதற்கு இடம் கொடுத்தார்கள். வரம்பை இம்மியும் தளர்த்த வேண்டாம். சோதிக்கும் இடத்தை மாற்றினால் போதும்.

உங்கள் ஆட்கள் எழுதியதிலும் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. 31.7 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு சின்ன உருளை இருக்கிறதே, அது. அதற்குள் முழுதாக அடங்குகிற எந்தத் துண்டும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மையில் இருக்கக் கூடாது. ஒரு தடவை வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் உழைக்கும், பட்டறையிலேயே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு எவன் முணுமுணுப்பான்? சாவித்திரி என் காதுக் கருவியை அதில் போட்டுப் பார்த்துவிட்டு, "மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு உகந்ததல்ல" என்று தீர்ப்பு சொன்னாள்.

கட்டணத்தைவிட என்னை அரிப்பது இன்னொன்று. போன வாரம் ஓர் அம்மா வந்தார். வெறும் மரக் குதிரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிள்ளைக்குச் சிவப்புதான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சிவப்பு அவருக்குக் கிடைக்காமல் போகாது. முத்திரையும் முகவரியும் இல்லாமல் விற்கிறவனிடம் கிடைக்கும், என் விலையில் பாதிக்கு. அதில் என்ன வண்ணம் என்று யாரும் சுரண்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். விதிக்குக் கட்டுப்பட்டவன் நிறத்தை விட்டான், கட்டுப்படாதவனிடம் எல்லா நிறமும் இருக்கிறது. உங்கள் ஆண்டறிக்கையில் இதற்கு ஒரு கட்டம் உண்டா? பட்டறைக்காரன் செலவை எழுதுகிறீர்கள், காப்பாற்றிய குழந்தைகளை எழுதுகிறீர்கள். அந்த அம்மாவை எங்கே எழுதுவீர்கள்?

திருத்த வரைவு உன் மேசையில்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். யார் சொன்னார்கள் என்று கேட்காதே. சங்கத்தில் பேசி, வண்ண டப்பா யோசனையை எழுத்தில் அனுப்பப் போகிறோம். கருத்துச் சொல்லக் கடைசித் தேதி எது, எந்தப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும், இதை மட்டும் ஒரு வரி எழுதிப் போடு. உன் பெயரை எங்கும் இழுக்க மாட்டேன். எங்கள் மனுவை உன் கீழ் வேலை பார்க்கும் பையனிடம் தள்ளிவிடாமல் நீயே படி.

அன்புடன்,
சீனு